வெயிலை அளந்து எடுத்த கிடாய்ப் படம்

படம் எடுக்குமுன் வெளிச்சத்தை அளக்க நான் வைத்திருக்கும் லைட் மீட்டரைப் பார்த்தவர்கள் சொன்னதையெல்லாம் எழுதி வைத்திருந்தால் ஒரு நோட்டு நிரம்பியிருக்கும். உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி, அதன் தலையில் பந்தைப் பாதியாக வெட்டி ஒட்டியது போல ஒரு வெள்ளைக் குமிழ். அவ்வளவுதான் மீட்டர். பாளையம்பட்டியில் ஒரு கல்யாணத்தில் அதை மாப்பிள்ளை முகத்தருகே நீட்டினேன். பக்கத்தில் இருந்தவர், "இப்பவே சுகர் பாக்குறீகளா? கேசரி வேற கிண்டிட்டாகளே" என்றார். திருச்சுழியில் ஓர் அம்மா, "வெயிலுக்கே காய்ச்சல் பாக்குறாரு" என்றார்கள். அந்தக் கருவியை அதைவிடச் சுருக்கமாக விளக்க எனக்கும் தெரியாது.

டிஜிட்டல் கேமரா வாங்கிய பிறகு மீட்டரைத் தொடுவது குறைந்துபோனது. ஃபிலிம் என்றால் கழுவிப் பார்க்கும்வரை படம் எப்படி விழுந்தது என்று தெரியாது. இப்போது எடுத்த கையோடு திரையில் படம் தெரிகிறது, இருட்டாக விழுந்தால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். யாரிடமும் போய்ப் படிக்காமல் நானாகத் தட்டுத்தடுமாறிக் கற்ற தொழில் இது. சுலபமான வழி ஒன்று வந்தால் அதில் முதல் ஆளாக நடப்பவன் நான். மீட்டர் பையின் பக்க ஜிப்புக்குள் கிடந்தது.

போன கோடையில் நரிக்குடிப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா போன் செய்தார்கள். முன்பு காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள், இப்போது வெள்ளாடு வளர்க்கிறார்கள். அவர்கள் மகள் கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுத்தேன்.

"தம்பி, ஆட்டைப் போட்டோ புடிப்பீகளா?"

"புடிக்கலாம்க்கா. என்ன விசேஷம்?"

"என்னையப் பொய்க்காரிங்குறாக. அதான் விசேஷம்."

விஷயம் இதுதான். கோயம்புத்தூரில் குடியேறிவிட்ட ஒரு குடும்பத்துக்குக் குலதெய்வக் கோயில் இந்தப் பக்கம். நேர்த்திக்கடனுக்கு ஒரு வெள்ளை மயிர்கூட இல்லாத கறுப்புக் கிடாய் தேடியிருக்கிறார்கள். அக்கா, "எங்கிட்ட இருக்கு, கன்னங்கரேல்னு" என்று சொல்லிவிட்டார்கள். அக்காவின் கொழுந்தன் செல்போனில் படம் பிடித்து அனுப்பினான். அந்த வீட்டுப் பெரியவர் பார்த்துவிட்டு, இது சாம்பல் நிறம், கறுப்பென்று ஏன் சொன்னாய் என்று கேட்டுவிட்டார். நிழலில் நிறுத்தி எடுத்து அனுப்பினால், நிழலில் எந்த ஆடும் கறுப்புதான், வெயிலில் நிறுத்தி எடு என்று பதில். வெயிலில் எடுத்தால் மறுபடியும் சாம்பல்.

"கெடாய்க்கு வேற ஆளு வருவாக தம்பி, அது பெருசில்ல. நான் சொன்ன சொல்லு நிக்கணும்ல."

மறுநாள் பத்து மணிக்கு அங்கே இருந்தேன். கிடாய் அக்கா சொன்னபடியே இருந்தது. வெயிலில் முதுகு பளபளத்தது. மினி வேன் ஓட்டுகிற கொழுந்தன் அன்றைக்கு லோடு இல்லாததால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கேமராவையே நம்பி முதல் படம் எடுத்தேன். அந்தப் பொட்டல் வெயிலில் திரையில் என் மூக்குதான் தெரிந்தது. தோளில் கிடந்த துண்டைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு குனிந்து பார்த்தேன்.

"ஏண்ணே, ஆவி புடிக்கிறீகளா?" என்றான் கொழுந்தன்.

துண்டுக்குள் தெரிந்தது சாம்பல் கிடாய். வெளிச்சத்தைக் குத்துமதிப்பாகக் குறைத்து எடுத்தேன், போதவில்லை. இன்னும் குறைத்தேன். துண்டுக்கு உள்ளேயும் வெளியேயும் போய் வந்து கண் கூசியதில் எது சரி என்றே பிடிபடவில்லை. கடைசியாக எடுத்ததை அக்காவிடம் காட்டினேன். துண்டுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "கருப்பு சரியா இருக்கு தம்பி, ஆடு எங்க?" என்றார்கள்.

அப்போதுதான் பக்க ஜிப்பைத் திறந்தேன்.

கேமரா பார்ப்பது ஆட்டின் மேல் பட்டுத் திரும்பி வருகிற வெளிச்சத்தை. கறுப்பு ஆடு கொஞ்சமாகத்தான் திருப்பித் தரும். ஐயோ, இங்கே இருட்டு என்று நினைத்துக் கேமரா அதற்கு வெள்ளையடித்துவிடுகிறது. வெள்ளை ஆட்டைக் காட்டினால் மண்ணில் புரண்டது மாதிரி ஆக்கும். மீட்டர் ஆட்டைப் பார்ப்பதே இல்லை. ஆட்டின் மேல் விழுகிற வெயிலை மட்டும் பார்க்கும்.

கிடாயின் கழுத்தருகே வைத்துக் குமிழைக் கேமரா பக்கம் திருப்பினேன். கிடாய் அதை ஒரு நக்கு நக்கிப் பார்த்தது. துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். லென்ஸின் துவாரத்தை ஐந்து புள்ளி ஆறில் வை என்று கேமரா சொல்லிக்கொண்டிருந்தது, மீட்டர் பதினொன்று என்றது. எண் சின்னதானால் துவாரம் பெரிது; கேமரா சொன்னபடி வைத்தால் நாலு மடங்கு வெளிச்சம் உள்ளே போகும். சாம்பல் எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்கியது.

பதினொன்றில் வைத்து ஒரே ஒரு படம் எடுத்தேன். முதுகு மினுங்கியது, காது மயிர் தனித்தனியாகத் தெரிந்தது, கறுப்பு கறுப்பாகவே இருந்தது. அக்கா முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. படத்தை அனுப்பினோம்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. பெரியவர்தான், அவர் போட்ட சத்தம் எனக்கும் கேட்டது.

"ஏம்மா, போட்டோக்காரன வச்சுக் கம்ப்யூட்டர்ல கருப்படிச்சுட்டியா?"

எனக்குச் சுருக்கென்றது. அக்கா போனை வைத்தார்கள். கிடாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு வீட்டுக்குள் போய், காயப்போட்டு எடுத்து வைத்திருந்த மிளகாயை ஒரு சுளகு நிறைய அள்ளி வந்தார்கள்.

"கொழுந்தனாரே, இந்தக் கைலிய மாத்திட்டு வெள்ளை வேட்டியும் சட்டையும் போட்டு வாங்க. பொண்ணு பாக்கப் போறதா நெனச்சுக்கிடுங்க."

"ஆட்டோட போனா எவன் மதினி பொண்ணு குடுப்பான்?"

"ஆட்டுக்காகவாவது குடுப்பான், போங்க."

பிறகு என்னிடம் சொன்னார்கள்: "மூணையும் ஒண்ணா எடுங்க தம்பி. கெடாய்க்குக் கருப்படிச்சிருந்தா வேட்டியும் மொளகாயும் சேந்துல்ல அழுக்காகணும்? மொளகா நெறம் அவுகளுக்குத் தெரியாதா?"

இத்தனை வருஷத் தொழிலில் எனக்கு அது தோன்றியதில்லை. வேட்டி கட்டி வந்தவனைக் கிடாய்க்குப் பக்கத்தில் நிறுத்தி, காலடியில் சுளகை வைத்தோம். மறுபடி அளந்தேன். அதே வெயில், அதே பதினொன்று.

ஒன்றை மறைக்கக் கூடாது. வெள்ளை வேட்டி உள்ளே வந்ததும் கேமராவும் தானாகவே பதினொன்றுக்கு வந்துவிட்டது. அப்படியானால் மீட்டர் எதற்கு என்று என் சிநேகிதர்கள் கேட்கிறார்கள். வேட்டி வந்த பிறகு கேமராவுக்குப் புரிந்தது, வேட்டி வருவதற்கு முன்பே மீட்டருக்குத் தெரிந்திருந்தது என்பேன். கறுப்பு ஆட்டுக்கெல்லாம் வேட்டி கட்டிய ஆளைக் கூட்டிக்கொண்டு போக முடியுமா?

படம் போனது. இந்த முறை போன் வரத் தாமதமானது. வந்ததும் அக்கா ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"கருப்புதான் தாயி."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கய்யா. இங்க மூணு பேரு நிக்கிறோம்."

"கருப்புதான். நான் சொன்னது தப்பு. வெள்ளிக்கெழம வந்து புடிச்சுக்கிடுறோம்." பெரியவர் கொஞ்சம் இழுத்தார். "அந்த மொளகா ரெண்டு கிலோ கெடைக்குமா?"

அக்கா எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, போனை வாயருகே கொண்டுபோனார்கள்.

"மொதல்ல அது செவப்புன்னு ஒத்துக்கிடுங்கய்யா. பெறகு பேசுவோம்."