அப்பாவின் மலிவு ரிவால்வர்

அப்பாவிடம் ரிவால்வர் இருக்கிறது என்று சொன்னால் சிங்கப்பூரில் என்னோடு வேலை செய்பவர்கள் நம்புவதில்லை. லைசென்ஸ் உள்ளதுதான். பாலத்துக்கு அந்தப் பக்கம், உலு திராமில் எங்களுக்குப் பழைய இரும்புக் கடை. சனிக்கிழமைகளில் அப்பா வேனை எடுத்துக்கொண்டு பண்டார் தெங்காரா பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களுக்குத் தனியாகப் போவார். ஆலைகளில் கழித்துப் போட்ட இரும்பை ரொக்கம் கொடுத்து வாங்கி வருவார். ஒருமுறை தோட்டப் பாதையில் மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் பாராங் கத்தியைக் காட்டிப் பணப்பையைப் பறித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகுதான் அலைந்து திரிந்து லைசென்ஸ் வாங்கினார்.

துப்பாக்கிக் கடைச் சீனர் முதலில் பேர் பெற்ற கம்பெனி ரிவால்வரைக் காட்டினார். விலையைக் கேட்டதும் அப்பா அதை மெதுவாக அவர் பக்கமே தள்ளிவிட்டார்.

"பேரு எதுக்கு? வெடிச்சா போதும்லா."

இருந்ததிலேயே மலிவானதை வாங்கினோம். அன்றே சுடும் திடலில் சுட்டுப் பார்த்தார். எல்லாத் தோட்டாக்களும் வெடித்தன. எல்லாம் குறிக்கு இடது பக்கம் போயின. "மனுசன் ஊசி மாதிரியா நிப்பான்? பட்டுரும்" என்றார். அதன் பிறகு பல வருடங்கள் அது அவர் இடுப்பில் இருந்ததே தவிர, ஒருமுறைகூட வெடிக்கவில்லை. வார விடுமுறையில் வீட்டுக்கு வரும் நான், தோட்டத்துக்கு நானும் கூட வருகிறேன் என்று சொல்லும்போதெல்லாம் இடுப்பைத் தட்டிக் காட்டுவார்.

"இது இருக்கு. நீ ஓய்வெடு."

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். படிக்க வேண்டியது எதுவானாலும் என்னிடம்தான் வரும். ரிவால்வரோடு வந்த ஆங்கிலக் கையேட்டையும் நான்தான் படித்தேன். போன வருடம் அதே வகை ரிவால்வரை வாங்கியவர்கள் இணையத்தில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். சிலர் புகழ்ந்திருந்தார்கள். பலர், தோட்டாவைத் தட்டும் ஊசி பலமாக அடிப்பதில்லை, விசையை இழுத்தால் 'டிக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடுகிறது என்று புலம்பியிருந்தார்கள். படிக்கப் படிக்க எனக்கு அந்தத் தோட்டப் பாதைதான் கண்ணில் வந்தது. அப்பா இடுப்பிலிருந்து அதை எடுக்கிறார். 'டிக்'.

"ப்பா, ஒரு தடவை சுட்டுப் பார்த்துருங்க."

"தோட்டா சும்மாவா கிடைக்குது?"

"வெடிக்கலன்னா என்ன செய்வீங்க?"

"உன் கம்ப்யூட்டர்காரனுங்க சுடத் தெரியாதவனுங்க."

அம்மா என் பக்கம் சேர்ந்த பிறகுதான் அப்பா திடலுக்குக் கிளம்பினார்.

லைசென்ஸ் அவர் பேரில் மட்டும் என்பதால் நான் அதைத் தொடக்கூடாது. கோட்டுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அப்பா காலை அகட்டி நின்று விசையை இழுத்தார். டிக். திடலைப் பார்த்துக்கொள்ளும் மலாய்க்கார ஐயா, துப்பாக்கியைக் குறியை நோக்கியே பிடித்திருக்கச் சொன்னார். அப்பா கொஞ்சம் பொறுத்து மறுபடி இழுத்தார். டிக். அதற்கடுத்தது வெடித்து, வழக்கம்போல இடது பக்கம் போனது. மற்றதெல்லாம் டிக்.

"அலமாக்" என்றார் அந்த ஐயா, 'ஐயையோ' என்பதுபோல மெதுவாக.

வண்டியில் வரும்போது நான்தான் பேசினேன். மலிவுச் சாமான், பலவீனமான ஸ்பிரிங், நான் அப்போதே சொன்னேன் என்றெல்லாம். சிக்னலில் நின்றபோது அப்பா, "இத்தனை வருசமா நான் சும்மா இரும்பத்தான் கட்டிக்கிட்டுப் போயிருக்கேன்" என்றார். அந்தச் சனிக்கிழமை அவர் தோட்டத்துக்குப் போகவில்லை. ஆலைக்குப் போன் செய்து வேன் ரிப்பேர் என்று சொன்னார். கடையில் செம்புக் கம்பியைத் தனியாகப் பிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை நான் லீவு போட, இருவரும் துப்பாக்கிக் கடைக்குப் போனோம். கையோடு வேறு ஒன்று வாங்கச் சொல்லிவிடலாம் என்ற எண்ணத்தில் நான் விவரமெல்லாம் படித்து வைத்திருந்தேன். சீனர் ரிவால்வரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி விளக்கடியில் பிடித்தார். ஊசி வந்து போகும் துவாரத்தைச் சுற்றி மஞ்சளும் சிவப்புமாக ஏதோ கட்டியாக இறுகியிருந்தது. குச்சியால் சுரண்டி மோந்து பார்த்தார்.

"தவுக்கே," என்றார் மலாயில், அப்பாவை முதலாளி என்று விளித்து, "இதை வைத்துக் கறி சமைத்தீர்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

ஆயுத பூஜை. ஒவ்வொரு வருடமும் தராசு, வெட்டும் இயந்திரம், வேன் சாவி எல்லாவற்றோடும் தோட்டா கழற்றிய ரிவால்வரையும் சாமி படத்துக்கு முன்னால் வைப்போம். அப்பா முதல் நாளே அதைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பார். அம்மா, ரிவால்வரில் ஊசியைத் தட்டும் சுத்தியலின் பின்புறத்தில், தட்டையாக இடம் இருக்கிறதென்று, சந்தனமும் குங்குமமும் தாராளமாக வைப்பார். அது எண்ணெயோடு உள்ளே இறங்கி வருடக்கணக்கில் காய்ந்திருக்கிறது. நான் படித்த அத்தனை புலம்பல்களிலும் சந்தனத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு" என்று சீனர் சொன்னதை அப்பா எனக்கு மறுபடி தமிழில் சொன்னார், எனக்கு மலாய் தெரியாதது மாதிரி. இடது பக்கம் போவது ஏன் என்று கேட்டேன். அது அப்பாவின் விரல் இழுக்கும் லட்சணம் என்றார் சீனர். இப்போது அப்பா எதையும் மொழிபெயர்க்கவில்லை.

சுத்தம் செய்து வந்தபின் மறுபடி திடலுக்குப் போனோம். எல்லாம் வெடித்தன. எல்லாம் இடது பக்கம். மலாய்க்கார ஐயா கை தட்டினார். அப்பா சிரித்தார். ஆனால் சுட்டு முடித்ததும் பழைய மாதிரி இடுப்பைத் தட்டிக்கொள்ளவில்லை. ரிவால்வரை ஒரு நிமிடம் கையிலேயே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பையில் போட்டார்.

அந்த வாரத்திலேயே ஆயுத பூஜை வந்தது. தராசு, இயந்திரம், சாவி. ரிவால்வரும் இருந்தது. அம்மா சந்தனக் கிண்ணத்தோடு குனிந்ததும் அப்பா ரிவால்வர் மேல் கையை வைத்து மறைத்தார்.

"அதுக்கு வேணாம்."

"சாமி முன்னால வச்சிட்டு மொட்டையா விடலாமாங்க?"

"அதோட உறையில வை. போதும்."

அம்மா தோல் உறையில் பொட்டு வைத்துவிட்டு நிமிர்ந்தார். அப்பா என் பக்கம் கையைக் காட்டினார்.

"இவனுக்கும் வை."

"இவன் என்ன மிசினா?"

"சனிக்கிழம வண்டியில கூட வர்றான்லா" என்றார் அப்பா, தராசில் சரிந்த பூவை எடுத்து நேராக வைத்தபடி.