குடியுரிமைக்காகப் போகாமல் இருந்தேன்

நான் மலேசியாவில் பிறந்தவள். கிணத்துக்கடவுக்கு மருமகளாக வந்து எட்டு வருஷமாகிறது. ஏழு வருஷம் இங்கேயே வசித்திருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் கடைசிப் பன்னிரண்டு மாதம் நாட்டை விட்டு வெளியே போகவே கூடாது என்றார்கள்.

அதில் ஒன்பதாவது மாதம், ஈப்போவில் என் அம்மா படுத்த படுக்கையானார்.

"டிக்கெட் போட்டர்றேன் அம்மணி, போயிட்டு வா" என்றார் கணவர்.

"இன்னும் மூணு மாசந்தானுங்க. முடிச்சுப்போட்டே போறேன்" என்று நான்தான் மறுத்தேன்.

மூன்றே வாரத்தில் அம்மா இறந்துவிட்டார். இறுதிச் சடங்கைக் கைப்பேசியில் பார்த்தேன்.

மாதங்கள் முடிந்ததும் விண்ணப்பித்தோம். அதிகாரி பழைய தாள்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"ஏனுங்கம்மா, மூணு வருஷத்துக்கு முன்னாடி விசா முடிஞ்சு பதினொரு நாள் கழிச்சுத்தான் நீட்டிச்சிருக்கீங்க. அதுக்கு முன்னாடி இருந்த வருஷமெல்லாம் கணக்குல வராதுங்க."

குழந்தை பிறந்த வருஷம், பிரசவ அலைச்சலில் மறந்துபோன தேதி அது. இன்னும் நான்கு வருஷம் காத்திருக்க வேண்டும்.

இப்போது விசா முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே நீட்டிப்புக்குப் போய்விடுகிறேன். என்னைப் போல் காத்திருப்பவர்கள், பழைய தாள்களை முதலிலேயே விவரம் தெரிந்தவரிடம் காட்டிவிடுங்கள். நான் காட்டியிருந்தால், அம்மாவைப் பார்க்கப் போயிருப்பேன்.