முதல் சால் ஓட்டியது யார்

கருவேல வேர்க்கட்டை எரியும் புகை நெடி இன்றும் என் மூக்கில் இருக்கிறது. சேலத்துப் பக்கம் இருந்த நிலத்தை விற்றுவிட்டு, துங்கபத்திரை வாய்க்கால் தண்ணீரை நம்பி, கன்னடச் சீமையின் முள்ளுக்காட்டில் போய்க் குடியேறிய குடும்பம் எங்களுடையது. எங்கள் பத்துக் குடிசைகளுக்கு "கேம்பு" என்று பெயர். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் இன்று அமெரிக்காவில், மில்பிடாஸிலும் சன்னிவேலிலும் உணவகம் வைத்திருக்கிறேன், யார் தயவும் இல்லாமல். அதனால் கூச்சப்படாமல் சொல்லலாம்: அந்தக் காட்டில் என் அக்கா சரசுவின் மேல் எனக்குத் தீராத பொறாமை.

பதினான்கு வயதில் அவள் அப்பாவின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு ஏர் பூட்டினாள், கட்டை பிளந்தாள். மாட்டைக் கண்டாலே நடுங்கிய எனக்கு அடுப்படி. அம்மா படுக்கையில் கிடந்ததால், காடு வெட்டும் ஆட்களோடு பன்னிரண்டு பேருக்கு நான்தான் களி கிண்டினேன். "சரசுதான்டா எனக்கு மூத்த பையன்" என்று அப்பா சொல்லும்போதெல்லாம் களி கிண்டும் துடுப்பை உடைத்துப் போடலாம் போலிருக்கும்.

முதல் உழவான "பொன்னேர்" அன்று ஆண் கைதான் ஏரின் மேழியைப் பிடிக்க வேண்டும் என்றார்கள் கேம்புப் பெரியவர்கள். அப்பா என் கையை எடுத்து மேழியில் வைத்தார், தேங்காய் உடைந்தது, மாடு நாலடி நகர்ந்தது. பெரியவர்கள் தலை மறைந்ததும், "விடுறா, கோணக்க போகுது" என்று என் கையைத் தட்டிவிட்டு அக்காவிடம் கொடுத்தார். அந்த நாலடியை வைத்துக்கொண்டுதான், காட்டைத் திருத்தி முதல் சால் ஓட்டியவன் நான் என்று இத்தனை வருஷம் சொல்லிவந்தேன்.

போன மாதம் பேத்தி நிலாவுக்குப் பள்ளியில் அமெரிக்கக் குடியேறிகளின் கதைப் புத்தகம் ஒன்று. அதில் பையன் துப்பாக்கியோடு காவல் நிற்கிறான், பெண் உள்ளே ரொட்டி சுடுகிறாள். உன் வீட்டுக் குடியேறியைப் பற்றி எழுதி வா என்பது வீட்டுப்பாடம். வழக்கமான என் பெருமையைச் சொன்னேன்.

"அப்போ சரசுப் பாட்டி வீட்ல குக் பண்ணாங்களா, தாத்தா?"

ஆமாம் என்றால் முடிந்தது. செத்துப்போனவள் கையில் என் துடுப்பைக் கொடுக்க மனம் வரவில்லை.

"இல்ல கண்ணு. அவ உழுதா. நான்தான் சமைச்சேன்."

கேம்பு இருந்த இடத்தில் இன்று அரிசி ஆலை நிற்கிறதாம். துடுப்பு எந்த அடுப்பில் எரிந்ததோ. நிலா அக்காவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி, கடைசியில் எனக்கு ஒரே வரி கொடுத்திருந்தாள்: எல்லோருக்கும் சோறு போட்டது என் தாத்தா. அந்த வரியை மட்டும் கத்தரித்து, சட்டம் போட்டு, சன்னிவேல் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். அக்காவின் இரண்டு பக்கம் நிலாவிடமே இருக்கட்டும்.