திங்கட்கிழமைக்குப் பதில் செவ்வாய்க்கிழமை

இரண்டு வருஷத்துக்கு முன்னால், துர்கா பூஜை நெருங்கிக்கொண்டிருந்த சமயம். கொல்கத்தா டாக்குரியாவில் ஒரு வாடகை ஃப்ளாட்டில் இருக்கிறோம். கணவருக்குத் துறைமுகத்தில் உத்தியோகம். தூத்துக்குடியிலிருந்து அவருக்கு மாற்றல் வந்ததில் என் பள்ளிக்கூட இங்கிலீஷ் டீச்சர் வேலை போயிற்று. சும்மா உட்கார்ந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அதனால் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் இங்கிலீஷ் சொல்லித்தரும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். என்னிடம் படித்தவர்கள் எல்லோரும் தைவானில் இருக்கிற சீன மொழிக்காரர்கள், முக்கால்வாசிப் பேர் வேலைக்குப் போகிற பெரியவர்கள்.

வேலை இதுதான். தினம் ஐந்து இங்கிலீஷ் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் அர்த்தம், எந்த இடத்தில் எப்படிப் போடுவது, உதாரணத்துக்கு ஒரு வாக்கியம். அதைப் படித்துவிட்டு அவர்கள் ஆளுக்கொரு வாக்கியம் எழுதி அனுப்புவார்கள். நான் தப்புக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டு, ஒரு வரி குறிப்பும் எழுதவேண்டும். ஐம்பது பேருக்குமேல் இருந்தார்கள். சமையலுக்கு நடுவிலேயே முடித்துவிடுவேன். அந்த வேகத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, மறைப்பானேன்.

ஒரே ஒரு விஷயம்தான் எரிச்சல். நான் கொடுக்கிற உதாரணத்தை அப்படியே மனப்பாடம் பண்ணி, ஒரே ஒரு சொல்லை மாற்றி அனுப்பிவிடுவார்கள். ராமன் மாம்பழம் சாப்பிட்டான் என்று நான் எழுதினால், ராமன் ஆப்பிள் சாப்பிட்டான் என்று ஐம்பது பேரிடமிருந்தும் வரும். அவர்கள் சின்ன வயசிலிருந்தே அப்படித்தான் படித்துப் பழகியிருக்கிறார்களாம். இவர்களுக்கென்றே ஒரு குறிப்பைத் தயாராக வைத்திருந்தேன். ‘சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுங்கள்.’ எடுத்து ஒட்டிக்கொண்டே போவேன்.

அந்த வாரம் ஆஸ்பத்திரி சம்பந்தமான சொற்கள். ‘அட்மிட்’ என்ற சொல்லுக்கு நான் கொடுத்த உதாரணம், ‘என் அம்மாவைத் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.’ ஒருவரிடமிருந்து பதில் வந்தது. ‘என் அம்மாவைச் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.’

எனக்குச் சிரிப்பு வந்தது. மனுஷர் கிழமையை மட்டும் மாற்றியிருக்கிறார், அதற்குமேல் மாற்றச் சோம்பல் என்று நினைத்தேன். தயாராக இருந்த குறிப்பை எடுத்து ஒட்டினேன்.

இரண்டு நாள் கழித்து, ஒருவரை அடையாளம் கண்டுகொள்வது என்கிற சொல். அவர் எழுதியிருந்தார்: ‘இன்று காலை அம்மா என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அந்தப் பெண்ணை அடையாளம் கண்டுகொண்டாள்.’ இலக்கணத்தில் குறையே இல்லை. ஆனால் ‘அந்தப் பெண்’ என்றால் யார்? திடீரென்று எங்கிருந்து வந்தாள்? ‘எந்தப் பெண்? தெளிவாக எழுதுங்கள்’ என்று சிவப்பில் போட்டேன்.

அடுத்த வாரம் சமையலறைச் சொற்கள். இவர் அங்கேயும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ‘அந்தப் பெண் ஸ்பூனால் கஞ்சி கொடுக்கிறாள். அம்மா வாயை மூடிக்கொள்கிறாள்.’ சரியான வாக்கியம், முழு மதிப்பெண். அதற்கடுத்த வாரம் மழை, வெயில். ‘அம்மாவின் ரெயின்கோட் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.’ எனக்குப் பொறுக்கவில்லை. ‘நன்று. ஆனால் எல்லா வாக்கியத்திலும் அம்மா வரவேண்டியதில்லை. வேறு விஷயமும் எழுதிப் பழகுங்கள்’ என்று எழுதி அனுப்பிவிட்டு, குக்கரை இறக்கப் போய்விட்டேன்.

மறுநாள் ஒரே வரி வந்திருந்தது. ‘டீச்சர், எனக்கு வேறு விஷயம் இல்லை.’

அப்போதுதான் முதல் தடவையாகத் திக்கென்றது. இது என்ன, பயிற்சி வாக்கியமா, இல்லை என்னிடம் சொல்கிறாரா? பழையதையெல்லாம் தேடி எடுத்துப் படித்தேன். ஒரு தடவை படித்தால் எல்லாம் நிஜம் மாதிரி இருந்தது. இன்னொரு தடவை படித்தால், நான் கொடுத்த சொல்லை வைத்து எழுதின வாக்கியம்தானே என்று தோன்றியது. ஒன்றும் பிடிபடவில்லை.

சாயங்காலம் டீ குடிக்கும்போது கணவரிடம் கேட்டேன்.

“ஏங்க, இது நெசமா இருக்குமோ?”

“பிள்ளைங்க பரீட்சையில ராமு சந்தைக்குப் போனான்னு எழுதுதுங்க. நீ பையைத் தூக்கிட்டு ராமுவைத் தேடி சந்தைக்கா போவ?” என்றார்.

அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் நம் பக்கத்தில் ஒருத்தர் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன் என்று சொன்னால், எதிரியாக இருந்தாலும் ‘இப்ப எப்படி இருக்காங்க’ என்று கேட்காமல் நகர்வோமா? கேட்டுவிடலாம் என்றால், சொந்த விஷயம் எதையும் விசாரிக்கக்கூடாது என்பது நிறுவனத்தின் விதி. அது போகட்டும், அவருடைய அம்மா நன்றாக உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தால்? ‘உங்கள் அம்மா எப்படி இருக்கிறார்’ என்று அடித்தேன், அழித்தேன். மறுபடி அடித்தேன், அழித்தேன். கடைசியில் அனுப்பவே இல்லை.

அதற்கப்புறம் ஒன்பது நாள் அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. பட்டியலில் அவருடைய இடம் மட்டும் காலியாகவே இருந்தது. பத்தாவது நாள், செவ்வாய்க்கிழமை, கேள்வி கேட்கிற பெட்டியில் நீளமாக ஒரு செய்தி. முழுக்கச் சீனத்தில். மொழிபெயர்க்கச் சொல்லி ஃபோனில் போட்டேன். வந்த தமிழ் என்னை இன்னும் குழப்பியது. ‘அவள் போன புதன் போய்விட்டாள். அவள் வியாழன் விமானத்தில் போகிறாள். அவளுக்குச் சொல்ல வேண்டும்.’ எவள் போய்விட்டாள்? எவள் போகப் போகிறாள்? போனவள் எப்படி மறுபடி விமானத்தில் போவாள்? ஒன்றுமட்டும் புரிந்தது, வியாழக்கிழமைக்குள் அவருக்கு என்னிடமிருந்து ஏதோ வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாள்.

அலுவலகத்துக்கு எழுதினால் பதில் வர மூன்று நாளாகும். யோசித்து யோசித்துப் பார்த்ததில், புருவம் திருத்த நான் போகிற பியூட்டி பார்லர் நினைவுக்கு வந்தது. கரியாஹாட்டில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. நடத்துகிறவர் கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த சீனப் பெண்மணி. எல்லோருக்கும் அவர் தீதிதான், அக்கா. ஃபோனை எடுத்துக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

பூஜைக் கூட்டம். வாசல்வரை பெண்கள். தீதி நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு பெங்காலிப் பெண்ணுக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தார். எனக்கு என்ன வேண்டும் என்று சொன்னதும் இந்தியில் கடுகடுத்தார்.

“ஸ்கூல்ல படிச்ச எழுத்து. நாப்பது வருஷமா ஹோட்டல் போர்டைத் தவிர எங்கேயும் நான் சீன எழுத்துப் பாக்கல. பூஜோ முடிஞ்சு வாயேன்.”

“நாளைக்குள்ள வேணும் தீதி. யாருக்கோ என்னமோ ஆகியிருக்கு, என்னன்னு எனக்குத் தெரியல” என்றேன்.

என் முகத்தில் என்ன பார்த்தாரோ, ஒற்றைக் கையால் ஃபோனை வாங்கினார். நாலு வரி படித்திருப்பார். வாயிலிருந்து நூலை எடுத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தார். தட்டுத் தடுமாறி, விரலால் எழுத்துகளைத் தடவித் தடவி இந்தியில் சொன்னார்.

அவருடைய அம்மா போன புதன்கிழமை இறந்துவிட்டார். மூன்று வருஷமாகப் படுக்கையில் இருந்தவர். அவரைப் பார்த்துக்கொள்ள ஃபிலிப்பைன்ஸிலிருந்து ஒரு பெண் வந்து வீட்டோடு இருந்தாள். இவர் சரக்கு லாரி ஓட்டுகிறவர், விடியும் முன் கிளம்பினால் இருட்டித்தான் வருவார். அவளுக்கு இங்கிலீஷ் வரும், சீனம் அரைகுறை; இவருக்கு இங்கிலீஷ் தெரியாது. அம்மா இன்றைக்குச் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று கேட்கவேண்டுமே, அதற்காகத்தான் என் வகுப்பில் சேர்ந்திருக்கிறார். நான் திருத்தி அனுப்புகிற வாக்கியங்களை மறுநாள் சமையலறையில் நின்று அவளிடம் சொல்லிப் பார்ப்பாராம்.

அடுத்த வரியைப் படித்துவிட்டு தீதி என்னை நிமிர்ந்து பார்த்தார். “சொந்தமா எழுதச் சொன்னீங்க டீச்சர், மன்னிச்சுக்கோங்க. நீங்க எழுதின வாக்கியமே எங்க வீட்டுல நடந்துபோச்சு. அதனால கிழமையை மட்டும் மாத்தினேன்.” அப்படி எழுதியிருக்கிறாராம்.

நாற்காலியில் ஒரு புருவம் திருத்தி ஒரு புருவம் திருத்தாமல் உட்கார்ந்திருந்த பெங்காலிப் பெண் “ஆஹா ரே” என்று உச்சுக்கொட்டினாள். எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அம்மா சாகக் கிடக்கும்போது ஒரு மனுஷர் எழுதினதற்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன். அம்மா அதிகமாக வருகிறாள் என்று குறை வேறு சொல்லியிருக்கிறேன். எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

கடைசியில் அவர் கேட்டிருந்தது இதுதான். அந்தப் பெண் வியாழக்கிழமை ஊருக்குத் திரும்புகிறாள். விமான நிலையத்தில் அவளிடம் ஒன்று சொல்லவேண்டும், இங்கிலீஷில் எழுத வரவில்லை, எழுதித் தரமுடியுமா? ‘நான் இல்லாத நேரமெல்லாம் நீ அவள்கூட இருந்தாய். உனக்கு எப்படி நன்றி சொல்வதென்று நான் கற்றுக்கொள்வதற்குள் அம்மா போய்விட்டாள்.’

பார்லர் பெஞ்சிலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். தினம் ஐந்து சொல்லுக்கு அர்த்தம் சொல்கிறவளுக்கு இரண்டு வரி வரவில்லை. பெரிய பெரிய சொல்லாகப் போட்டு ஒன்று எழுதினேன். என்ன எழுதினாய், இந்தியில் சொல் என்றார் தீதி. சொன்னேன்.

“இது கவர்மென்ட் லெட்டர் மாதிரி இருக்கு. அவர் அப்படியா எழுதியிருக்கார்?” என்று சொல்லிவிட்டு நூலை மறுபடி பல்லில் கடித்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் அழித்தேன். அவர் இதுவரை எழுதியனுப்பியதையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு, அவருக்கு ஏற்கெனவே தெரிந்த சின்னச் சின்னச் சொற்களை மட்டும் பொறுக்கி அந்த இரண்டு வரியை எழுதினேன். அப்படிப் பொறுக்கும்போது கண்ணில் பட்டது, ‘எந்தப் பெண்? தெளிவாக எழுதுங்கள்’ என்று நான் சிவப்பில் கோடு போட்டிருந்த வாக்கியம். ‘இன்று காலை’யை விட்டுவிட்டு, ‘அந்தப் பெண்’ வருகிற இடத்தில் ‘நீ’ மட்டும் போட்டு, அதை மூன்றாவது வரியாகச் சேர்த்தேன். ‘அம்மா என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. உன்னை அடையாளம் கண்டுகொண்டாள்.’ கீழே எழுதினேன், ‘இது உங்கள் சொந்த வாக்கியம். நான் ஒரு சொல்லைத்தான் மாற்றினேன். விருப்பம் இருந்தால் இதையும் சொல்லுங்கள். அம்மா எப்படி இருக்கிறார் என்று நான் அன்றைக்கே கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை, மன்னித்துவிடுங்கள்.’ விதியாவது ஒன்றாவது, அனுப்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது, இங்கிலீஷில். ‘மூன்று வரியும் சொன்னேன். அவள் அழுகிறாள். அம்மாவின் ஸ்பூனைக் கேட்டு வாங்கிப் போகிறாள்.’ நடந்து முடிந்ததை நடக்கிற மாதிரி எழுதியிருந்தார். வழக்கமாகச் சிவப்புக் கோடு போடுகிற தப்பு. நான் போடவில்லை.

அதோடு அவர் வகுப்புக்கு வரவில்லை. இங்கிலீஷ் பேச அவருக்கு இனி வீட்டில் ஆள் இல்லையே. எனக்குக் குழப்பம் மட்டும் தீரவில்லை. அதற்கு முன்னால் எத்தனை பேர் இப்படி எழுதினதைப் பயிற்சி என்று நினைத்துத் தள்ளினேன், தெரியாது. இன்றைக்கும் யாராவது என் உதாரணத்தில் ஒரே ஒரு சொல்லை மாற்றி அனுப்பினால், சோம்பேறி என்று நினைக்கும் முன், அந்த ஒரு சொல் எதற்காக மாறியது என்று கேட்டுவிட்டுத்தான் கோடு போடுகிறேன்.