கைதட்டல் தப்பான இடத்தில் விழுந்த டிரம்பெட் பாட்டு

எங்கள் தேவாலயத்தின் பங்குத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தபோது, சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து வரும் வழியில் ஸ்கூட்டியிலிருந்து விழுந்தேன். கை கால் தப்பியது. மேலுதட்டில் தையல். டிரம்பெட் வாசிக்கிறவளுக்கு உதடு போனால் எல்லாம் போன மாதிரிதான்.

திருவிழா மாலையில் நான் தனியாக வாசிப்பதாக ஏற்கெனவே அறிவித்துவிட்டார்கள். கூடப் பியானோ வாசிப்பது என் அண்ணி. டிரம்பெட் என்றால் ஜனங்கள் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: வேகமாக ஏறி, உச்சத்தில் நின்று, கைதட்டல் வாங்குகிற பாட்டு. தையல் பிரித்ததும் அதை வாசித்துப் பார்த்தேன். மேலே போகப் போக உதடு விண்விண்ணென்று தெறித்தது. வெறும் காற்றுதான் வந்தது.

"மேல போவாத பாட்டே இல்லியா இன்னா? வாடி, தேடலாம்" என்றார் அண்ணி.

அவர் லேப்டாப்பில் ஒவ்வொன்றாகக் கேட்டோம். எனக்குச் சுலபமாக இருந்தவை சலிப்பூட்டின. எனக்குப் பிடித்த ஒன்றில் பியானோவுக்குத் தாளம் போடுகிற வேலைதான் இருந்தது. "நான் எதுக்கு அங்க குந்திக்கினு?" என்று அண்ணி அடுத்ததைத் தட்டினார். கடைசியில் ஒன்று அகப்பட்டது. எழுதியவர் பெயரை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. டிரம்பெட் கீழ்ச் சுரங்களிலேயே, யாரோ தணிந்து பேசுவதுபோல நகர்ந்தது. நடுவில் அது நின்றுவிட, பியானோ மட்டும் வெகுநேரம் தனியாகப் போனது. என் உதட்டுக்கு அந்த ஓய்வு வேண்டியிருந்தது.

ஒத்திகையில் கேட்ட எங்கள் பங்கு பேண்ட் மாஸ்டருக்குப் பிடிக்கவில்லை. "இன்னாம்மா இது, சாவு வூட்டுப் பாட்டாட்டம் இருக்குது? ஜனம் எழுந்து பூடும்."

திருவிழாவன்று பங்குக் கூடம் நிறைந்திருந்தது. முதல் பகுதி பிசகாமல் போயிற்று. டிரம்பெட்டை இறக்கினேன். உடனே கூடம் முழுக்கக் கைதட்டியது. பாட்டு முடிந்துவிட்டதாக நினைத்துவிட்டார்கள். மெல்லத் தொடங்கியிருந்த பியானோ அந்தச் சத்தத்தில் மூழ்கிப்போனது. அறிவிப்பாளர் மைக்கோடு மேடையேறி, "அடுத்ததாக..." என்றார். நடனப் பிள்ளைகள் சலங்கையோடு படியேற ஆரம்பித்தார்கள்.

அண்ணி நிறுத்தவில்லை. அவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்று எனக்குக் கேட்கவில்லை. தவறான இடத்தில் நுழைந்தால் ஆளுக்கொரு பாட்டாகிவிடும். என்ன செய்வதென்று தெரியாமல் டிரம்பெட்டைத் தூக்கி வாயில் வைத்துக்கொண்டு, அவர் விரல்களையே பார்த்தபடி அசையாமல் நின்றேன்.

அறிவிப்பாளர் என்னைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், மைக்கை இறக்கிக்கொண்டார். சலங்கைகள் படியிலேயே நின்றன. கூட்டத்தில் பேச்சு மெல்ல அடங்க, பியானோ கேட்கத் தொடங்கியது. அண்ணி தலையசைத்தார். நுழைந்தேன்.

சரியான இடம்தான். உதடு எரிந்தது, நாக்கில் உப்புக் கரித்தது. கடைசிச் சுரம் வரை விடவில்லை.

முடிந்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. மறுபடி ஏமாற யாருக்கும் துணிவில்லை. முதல் வரிசையிலிருந்த பேண்ட் மாஸ்டர்தான் தணிந்த குரலில் கேட்டார்:

"முடிஞ்சிடுச்சாம்மா?"

"முடிஞ்சிடுச்சு மாஸ்டர்" என்றேன், கைக்குட்டையால் உதட்டை அழுத்திக்கொண்டு. அண்ணி எழுந்து நின்றார். அதற்குப் பிறகுதான் கூடம் கைதட்டியது.