ஸ்பேஸ் பாரில் ஒரு கட்டைவிரல்

அக்காவின் இடது கட்டைவிரல் ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்திருக்கும். மற்ற நான்கு விரல்களும் பறக்கும். இன்றைக்கும் கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது. ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டிடிபி கடை வைத்திருந்த அவருக்கு, ஒரு விபத்தில் வலது கை வழங்காமல் போயிருந்தது. கம்ப்யூட்டர் சர்வீஸுக்குப் போய்வந்த நான் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். ஸ்பேஸ் பாரைப் பிடித்தால் கீபோர்டின் வலது பாதி எழுத்துகள் இடது கைக்குக் கீழே வந்துவிடும். இரண்டே மாதத்தில், காதுகுத்துப் பத்திரிகைக்கு வந்தவர் டீ குடித்துத் திரும்புவதற்குள் அடித்து முடிக்கத் தொடங்கினார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அப்புறம் கம்ப்யூட்டர்களுக்குப் புத்தி மாறியது. கீபோர்டில் குறுக்கே புகுகிற என் புரோகிராமை, அடிக்கிற எழுத்தைத் திருடுகிற வைரஸ் என்று சொல்லி, கேட்காமலே அழித்துவிடும். நான் போய் அனுமதி கொடுத்துவிட்டு வருவேன்; அடுத்த அப்டேட்டில் மறுபடி காணாமல் போகும். திருவரங்குளம் கோயில் திருவிழா நோட்டீஸைப் பாதி அடித்திருந்த ஒரு நாள், கம்ப்யூட்டர் தானாகவே அணைந்து எழுந்தது. ஓடினேன். இந்த முறை பூட்டு புதுசு. என் புரோகிராமுக்கு அனுமதி வேண்டுமென்றால் அட்மினிஸ்ட்ரேட்டரைத் தொடர்புகொள்ளச் சொன்னது.

"யாருப்பா அது?"

"நீங்கதாங்கக்கா."

"அப்ப நாந்தான் சொல்றேன்ல, தொறக்கச் சொல்லு."

இருவரும் சிரித்துவிட்டோம். அது திறக்கவில்லை. நோட்டீஸ்காரர்கள் சாயங்காலம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, எழுதிக் கொடுத்திருந்த பேப்பரைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். இலவசமாகக் கிடைக்கிற வேறு ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். அக்கா பழகிய டிசைன் சாஃப்ட்வேர் அதில் ஓடவில்லை. ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஒரு வருஷம் ஓட்டினார். இப்போது அந்தக் கடையில் மொபைல் கவர் விற்கிறார்கள்.

எனக்குத்தான் ஆறவில்லை. காசு கொடுத்து வாங்கிய பெட்டி, ஈமெயில் கொடு, ஓடிபி கொடு என்று வாங்கியவரையே விசாரிக்கும்போது தூக்கிப் போட்டு உடைக்கலாமா என்று வருகிறது. ஆனால் பிழைப்பு அதுதானே. போன வாரம் அக்காவை வீட்டில் போய்ப் பார்த்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல், "எல்லாம் பாதுகாப்புக்குத்தான் பண்றாங்களாம்க்கா" என்று உளறிவைத்தேன்.

"யாருகிட்டருந்துப்பா? என்கிட்டருந்தா?"

இன்று காலையும் ஒருவர் வீட்டில், புதுக் கம்ப்யூட்டர் காட்டிய பக்கங்களில் ஒன்றைக்கூடப் படிக்காமல், அவருக்காக 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதை நானே அமுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.