மண்டிக்காரர் வீட்டுக் கூடத்துக்கு ஒரு விரிப்பு: திருவண்ணாமலையில் மூன்று நாட்கள்

நேற்று மாலை பவானியிலிருந்து நெசவாளர் செல்வி தொலைபேசியில் பேசினார். "பாவு ஏத்தியாச்சுங்க. திங்கக்கெழமை நெய்ய உக்கார்றோம்" என்றார். தறியின் படத்தையும் அனுப்பினார். நீளவாட்டில் ஓடும் பாவு நூல் இழுத்துக் கட்டியிருப்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. பக்கத்தில் இருக்கும், குறுக்கே நெய்யப்போகும் ஊடை நூல் நாங்கள் கேட்ட அரக்குச் சிவப்புதானா என்பதைக் கைப்பேசிப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆகவே உறுதியான செய்தி இவ்வளவுதான்: திருவண்ணாமலையில் என் தோழி ஜெயந்தியின் வீட்டுக் கூடத்துக்கு இரண்டு ஜமுக்காளங்கள் தறியேறிவிட்டன.

இந்த முடிவுக்கு வர ஐப்பசியில் மூன்று நாள் அலைந்தோம். பழைய வீட்டைப் புதுப்பித்துவிட்டு, தரையில் என்ன விரிப்பது என்று யோசிப்பவர்களுக்குப் பயன்படலாம் என்று வரிசையாக எழுதுகிறேன்.

ஜெயந்தியும் நானும் சென்னையில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். நான் செய்தித்தாளுக்குப் போனேன், அவள் வங்கிக்குப் போனாள். இப்போது இருவருக்கும் ஓய்வு. அவளுடைய அப்பா மல்லாட்டை மண்டி வைத்திருந்தவர். வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று பெயர். தேர் ஓடும் வீதிக்குப் பின்னால் இருக்கும் அவர்கள் வீட்டை இன்றும் மண்டிக்காரர் வீடு என்றுதான் சொல்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர், நடுவில் முற்றம், கூடத்தில் நான்கு மரத்தூண்கள். வீட்டில் பாதி ஜெயந்திக்கு, பாதி புனேயில் இருக்கும் அவள் தம்பி சம்பத்துக்கு.

இடித்து லாட்ஜ் கட்ட ஒருவர் விலை பேசியிருந்தார். சம்பத்துக்கு விற்பதில் மறுப்பில்லை, ஜெயந்திக்கு மனமில்லை. கடைசியில் அவன் ஒரு நிபந்தனை வைத்தான். தன் மகளின் நிச்சயதார்த்தத்தைத் தை மாதம் அந்தக் கூடத்தில் நடத்துவான். சம்பந்தி வீட்டார் மரியாதையாக உட்காரும்படி வீடு இருந்தால் விற்பனை இல்லை. இல்லாவிட்டால் லாட்ஜ்காரருக்குக் கையெழுத்து. கூடம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு, அங்கேயே எடுத்த அப்பா அம்மாவின் கல்யாணப் படத்தை அனுப்பினான். மணமக்களின் காலடியில் பூவேலைக் கம்பளம் ஒன்று கிடக்கிறது. "இந்தக் கம்பளத்தோட இருக்கணும்க்கா. பாய விரிச்சு ஒப்பேத்திடாத" என்று கூடவே எழுதியிருந்தான். புதுச்சேரியிலிருந்து வந்து புதுப்பிக்கும் வேலையைப் பார்க்கும் கட்டடக் கலைஞரும் தன் வரைபடத்தில் அந்தக் கம்பளத்துக்கு வண்ணம் தீட்டி வைத்திருந்தார். கூட வந்து தேடுவதற்காகத்தான் ஜெயந்தி என்னை அழைத்தாள்.

கிளாம்பாக்கத்தில் காலை ஐந்தரை மணிப் பேருந்து. திண்டிவனம், செஞ்சி, கீழ்பென்னாத்தூர் வழியாகச் சுமார் 170 கிலோமீட்டர். கட்டணம் 185 ரூபாய், நாலே கால் மணி நேரம் ஆயிற்று. செஞ்சியில் தேநீருக்கு நிற்கும், அதற்கு முன் எங்கும் நிற்காது. திருவண்ணாமலையில் இறங்கியதும் ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார், நூறுக்கு ஒத்துக்கொண்டார். "பௌர்ணமி இல்ல, அதான் நூறு. பௌர்ணமின்னா வண்டியவே உள்ள உட மாட்டாங்க. மூட்டைய தலையில வச்சுக்கினு நடந்து வரணும்" என்றார். விரிப்பு வாங்கச் செல்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பௌர்ணமியில் கடைக்காரருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்காது.

முதலில் கூடத்தை அளந்தோம். நான்கு தூண்களுக்கு நடுவில் நீளம் பன்னிரண்டு அடி, அகலம் ஒன்பது. தரையை ஒரு மாதம் முன்புதான் பழைய முறையில் சிவப்புப் பொடி கலந்து இழைத்து முடித்திருந்தார்கள். முகம் பார்க்கலாம் போல இருந்தது.

ரமணாசிரமம் பகுதியில், செங்கம் சாலையில், காஷ்மீர்க் கம்பளக் கடைகள் பல உண்டு. வெளிநாட்டுப் பயணிகளை நம்பி வந்தவர்கள், இப்போது சரளமாகத் தமிழ் பேசுகிறார்கள். நான்கு கடை ஏறி, கைப்பேசியில் கல்யாணப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினோம். மாப்பிள்ளையின் இடது காலருகே கம்பளத்தில் சதுரமாக ஓர் ஒட்டு இருந்தது. அன்று மாலைக்குள் அந்த ஒட்டு எனக்கு மனப்பாடம்.

நான்காவது கடைக்கார பாய் பொறுமைசாலி. ஒரு கம்பளத்தைப் புரட்டிப் போட்டு, பின்பக்கத்தைத்தான் முதலில் பார்க்கச் சொன்னார். முடிச்சுப் போட்டுக் கையால் செய்ததென்றால் முன்பக்கத்துப் பூ பின்பக்கத்திலும் தெளிவாகத் தெரியும். பின்னால் துணி ஒட்டியிருந்தால் அது நூலைக் குத்தி ஏற்றிப் பசை தடவியது. குஞ்சம் கம்பளத்தின் பாவு நூலே நீண்டு வந்ததாக இருக்க வேண்டும், தனியாகத் தைத்திருக்கக் கூடாது. வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்தால் சாயம் ஏறக் கூடாது. நாங்கள் தேய்த்துப் பார்த்தோம், ஏறவில்லை. ஒன்பதுக்குப் பன்னிரண்டு அடி, முழுக் கம்பளி, விலை ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.

"எடுத்துக்கினு போய் ஒரு ராத்திரி வீட்ல போட்டுப் பாருங்க மேடம். புடிக்கலன்னா காலைல திருப்பிக் குடுங்க. காபி கொட்டினா மட்டும் அது உங்களுது" என்றார் பாய்.

விரித்ததும் கூடமே மாறிவிட்டது. ஜெயந்தி நான்கு பக்கமும் நின்று படம் எடுத்தாள். நான் செங்கம் சாலையில் எடுத்திருந்த அறைக்குத் திரும்பினேன். வாடகை நாளுக்கு எழுநூறு.

மறுநாள் காலையில் கூடத்துக்குள் திறக்கும் அறைக் கதவு பாதியில் நின்றது. கம்பளத்தின் கனம் அடியில் இடித்தது. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் தரை ஈரம். கம்பளத்தின் அடியில் காவி நிறத் திட்டுகள். தரையை இழைத்த கொத்தனார் குப்பன் குனிந்து தொட்டுப் பார்த்தார்.

"தரை இன்னும் காயல. மேல கம்பளியப் போத்தினா அதுக்கு வேர்க்காதா?"

"நேத்து விரிக்கும்போது நீங்களும்தானே ஒரு மூலையப் புடிச்சீங்க?" என்றாள் ஜெயந்தி.

"நீங்க சந்தோஷமா இருந்தீங்க. அதான் வாயத் தொறக்கல."

கம்பளத்தைத் திருப்பிக் கொண்டுபோனபோது பாய் காவித் திட்டுகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "காபி இல்ல, தரை. இது நம்ம பேச்சுல வரல" என்று உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டார். ஜெயந்தி கடை வாசலில் நின்று, தரை காய்ந்ததும் இதையே வாங்கிவிடலாமா, கதவின் அடியைச் செதுக்கிவிடலாமா என்று கணக்குப் போட்டாள். நூறு வருடத்துக் கதவு. அதில் கை வைப்பதைச் சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது.

அன்று மாலை, நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் மல்லிகா காபி குடிக்கக் கீழே கூப்பிட்டார். அவர் வீட்டுச் சுவரில் கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படம் ஒன்று மாட்டியிருந்தது. மணமக்கள் வேறு. காலடியில் அதே பூவேலைக் கம்பளம், அதே சதுர ஒட்டு. இந்த முறை ஒட்டு பெண்ணின் பக்கம் இருந்தது, கம்பளத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

"இது யாருங்க?" என்று கேட்டேன்.

"எங்க மாமியார், மாமனாருக்கா. ஏன்?"

"கம்பளம் உங்களுதா?"

மல்லிகா சிரித்தார். "எங்களுக்கு ஏதுக்கா கம்பளம்? பந்தல் கடையில வாடகைக்கு வாங்கி இருப்பாங்க. தேரடிப் பக்கம் ஏழுமலை கடையில போய்க் கேளுங்க, அவங்கதான் அந்தக் காலத்துல இருந்து பந்தல் போடறாங்க."

கடைசி நாள் காலையில் இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு ஜெயந்தியுடன் ஏழுமலையின் கிடங்குக்குப் போனேன். அவருக்கு அறுபது வயது இருக்கும். நாற்காலி அடுக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சம்பத்தின் நிபந்தனையைச் சொல்லிப் படத்தைக் காட்டியதும் இட்லியை வைத்துவிட்டார். அந்தக் கம்பளத்தைத் தானும் சிறு வயதில் தூக்கியிருப்பதாகச் சொன்னார்.

"எங்க அப்பா மெட்ராஸ்ல ஏலத்துல எடுத்ததும்மா. ஊர்ல பாதிப் பேரு கல்யாணம் இது மேலதான். வாடகை ஜாஸ்தி. அதனால போட்டோ புடிக்கற நேரத்துக்கு மட்டும் விரிப்போம். பந்தி போடறதுக்கு முன்னாடி சுருட்டிக்கினு அடுத்த கல்யாணத்துக்கு ஓடுவோம். சாம்பார் கொட்டிட்டா யாரு பதில் சொல்றது?"

"இந்த ஒட்டு?" என்றேன்.

"மாப்பிள்ளைத் தோழன் ஒருத்தன் சிகரெட்ட போட்டுட்டான். எந்தக் கல்யாணம்னு கேக்காதீங்க. அந்தக் குடும்பம் இன்னும் நமக்குத்தான் ஆர்டர் குடுக்குது."

கம்பளம் இப்போது இல்லை, எலி தின்றுவிட்டதாம். ஜெயந்தி பழைய நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப எங்க கூடத்துல என்னதான் விரிச்சிருந்தாங்க?"

"ஜமுக்காளம்தான். உங்க அப்பா மண்டி ஆளுங்க எல்லாம் வந்து உக்காருவாங்களே, கம்பளத்துலயா உக்காந்தாங்க?" அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏழுமலை குரலைத் தணித்தார். "தம்பிக்கு யாரும்மா சொல்லப் போறாங்க? செங்கம் ரோட்ல அதே மாரி ஒண்ணு வாங்கி விரிச்சுடுங்க. மண்டிக்காரர் கம்பளம்னு சொல்லிட்டா முடிஞ்சுது."

"வீட்ட இருந்த மாதிரியே திருப்பிக் கொண்டு வர்றேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு, இல்லாததக் கொண்டாந்து வைக்கவா?" என்று கேட்டாள் ஜெயந்தி. அங்கேயே, நாற்காலிகளுக்கு நடுவில், சம்பத்தை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். சுற்றி வளைக்கவில்லை. கம்பளம் வாடகை, போட்டோவுக்கு மட்டும் விரித்தது என்று இரண்டே வாக்கியத்தில் சொன்னாள்.

சம்பத் ஒத்துக்கொள்ளவில்லை.

"நான் சின்ன வயசுல அது மேல வெளையாண்டிருக்கேன்க்கா."

"அது ஜமுக்காளம்டா. கோட்டுக் கோட்டா இருக்குமே. அதை ரோடுன்னு சொல்லித் தீப்பெட்டிய ஓட்டினு இருப்பே."

"சம்பந்தி வீட்ட ஜமுக்காளத்துல உக்கார வைக்கப் போறியா?" என்றான்.

"நல்லதா நெய்யச் சொல்லி உக்கார வைப்பேன்."

"வந்து பாத்துட்டுத்தான் சொல்வேன்."

"வந்து பாரு" என்று வைத்துவிட்டாள். எழுந்து நேராக ஜமுக்காள அடுக்குக்குத்தான் போனாள். "பன்னெண்டடி நீளத்துல இருக்கறத எறக்குங்க."

ஏழுமலை ஆறேழு வருடம் வாடகைக்குப் போய் வந்ததை எடுத்துப் போட்டார். எத்தனையோ முறை துவைத்தும் ஓரம் சுருங்கவில்லை. கதவுக்கு இடிக்காத கனம், அடியில் ஈரத்தைத் தேக்கும் பசையோ ரப்பரோ இல்லை. அதை நெய்த பவானி செல்வியின் எண்ணை அவரே கொடுத்தார். பன்னிரண்டுக்கு நாலரை அடியில் இரண்டாக நெய்யச் சொன்னோம். ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டால் இன்னொன்று தரையில் இருக்கும். இரண்டும் சேர்த்து எட்டாயிரத்து நானூறு ரூபாய், பார்சல் கட்டணம் தனி. கம்பளக் கடை பாயையும் ஜெயந்தி மறக்கவில்லை. மாடியில் மரப்பலகைத் தரை போட்ட சிறிய அறைக்கு அவரிடம் நாலுக்கு ஆறில் ஒரு கம்பளிக் கம்பளம் வாங்கினாள். கம்பளிக்கு ஏற்ற இடம் அதுதான்.

என் தொழிலில் ஒரு படத்தை ஆதாரமாக எடுக்குமுன் அது எப்போது, எதற்காக எடுக்கப்பட்டது என்று கேட்போம். பழைய வீட்டை மீட்பவர்களும் கேட்க வேண்டும். கல்யாணப் படத்தில் இருப்பது கல்யாணத்தன்று இருந்தது. மற்ற நாள் என்ன இருந்தது என்பதைத் தெருவில் இன்னொரு வீட்டிலும், பந்தல் கடையிலும் விசாரியுங்கள்.

கடைக்குப் போகுமுன் கதவின் அடியில் எத்தனை இடைவெளி என்று அளந்துகொள்ளுங்கள். நீள அகலத்தைவிட அதுதான் எங்களைக் காப்பாற்றியிருக்கும். புதிதாக இழைத்த தரை என்றால் கொத்தனாரிடம் நீங்களே கேளுங்கள், அவராகச் சொல்லமாட்டார். ஓர் இரவு வீட்டில் விரித்துப் பார்க்கக் கொடுக்காத கடையில் பெரிய கம்பளம் வாங்காதீர்கள். முற்றத்து வெயில் விழும் இடமானால் மாதம் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். கம்பளியை மடிக்காமல் சுருட்டி வையுங்கள்.

இனி நிலுவையில் இருப்பவை. கார்த்திகை தீபத்துக்கு முன் பார்சல் வண்டி ஊருக்குள் வருவது சிரமம் என்கிறார் ஏழுமலை. ஆகவே ஜமுக்காளங்களைத் தீபம் முடிந்த வாரத்தில் எதிர்பார்க்கிறோம். தரை மார்கழிக்குள் காய்ந்துவிடும் என்பது குப்பன் கணக்கு. சம்பத் மார்கழி கடைசி வாரம் வந்து, கூடத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவைச் சொல்வான். லாட்ஜ்காரருக்கும் அதே வாரத்தைத்தான் சொல்லியிருக்கிறானாம். இது ஜெயந்தி சொன்னது, நான் உறுதிப்படுத்தவில்லை. பயணச்சீட்டு விவரத்தை மட்டும் சம்பத்தே எனக்கு எழுதினான். வருவதற்கு மனைவி, மகள், தான் என மூன்று பேருக்கும் எடுத்துவிட்டான். திரும்பிப் போவதற்கு இன்னும் எடுக்கவில்லை.